மேப்பில் ஏழு சார்ஜர்

மேற்கு மாம்பலத்தில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடி பழையது. பன்னிரண்டு வீட்டுக்கு ஏழு கார் நிறுத்தும் இடம். செகண்ட் ஹேண்டில் டாடாவின் எலெக்ட்ரிக் கார் நெக்ஸான் இவி வாங்கினோம், 30.2 கிலோவாட் ஹவர் பேட்டரி உள்ள மாடல். கீழே பிளக் பாயிண்ட் போட அசோசியேஷன் சம்மதிக்கும்வரை வெளியில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தேன். மேப்பில் சுற்றுவட்டாரத்தில் ஏழு சார்ஜர் காட்டியதே!

ஒரு சனிக்கிழமை ஏழையும் நேரில் போய்ப் பார்த்தேன். இரண்டு, டூவீலருக்கும் ஆட்டோவுக்கும் மட்டும். ஒன்று ஒரு அலுவலகத்தின் கேட்டுக்குள். வெளியாளுக்கு அனுமதி இல்லை. இன்னொன்றில் வண்டியில் செருகும் கன் பழைய ஜிபி/டி வகை, என் வண்டிக்கு வேண்டியது சிசிஎஸ் 2 வகை. இரண்டும் பொருந்தாது. ஒன்று மாதக்கணக்கில் திரை அணைந்து கிடப்பதாகப் பக்கத்து டீக்கடையில் சொன்னார்கள். ஆறாவதை மறித்து ஒரு டீசல் கார் நின்றது, ஓனரைக் காணோம். ஏழாவது, 30 கிலோவாட் டிசி சார்ஜர் (வேகமாக ஏற்றும் வகை), வேலை செய்தது. நான்கு மாதம் எங்கள் குடும்பத்தைத் தாங்கியது அந்த ஒன்றுதான்.

சாயங்காலம் போனால் பச்சை நம்பர் பிளேட்டில் மஞ்சள் எழுத்துள்ள டாக்ஸிகள் வரிசையாக நிற்கும். முதல் வாரமே ஒரு டிரைவர் தம்பி சொல்லிக் கொடுத்தார்: "அக்கா, காலைல அஞ்சரைக்கு வாங்க, காலியா இருக்கும். எண்பது பர்சென்ட் வந்ததும் கழட்டிடுங்க. அதுக்கு மேல ரொம்ப மெதுவாத்தான் ஏறும். பின்னாடி நிக்கிறவனுக்கு வண்டி ஓடினாத்தான் சாப்பாடு." அன்றிலிருந்து எண்பதைத் தாண்டியதில்லை. இருபதிலிருந்து எண்பது வர முக்கால் மணி நேரம் ஆகும். 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து யூனிட்டுக்கு 20 ரூபாய்க்கு மேல் கொடுத்தேன்.

மழைக்காலத்தில் ஒரு ராத்திரி 9 சதவீதத்தோடு போய் நின்றேன். ஆப்பில் 'பழுது' என்று வந்தது. அம்மா பின்சீட்டில், மறுநாள் காலை அவருக்கு ஆஸ்பத்திரி அப்பாயிண்ட்மெண்ட். கை நடுங்கியது. ஒட்டியிருந்த எண்ணுக்கு மூன்றாவது முறை அடித்தபோதுதான் எடுத்தார்கள். "மேடம், சிவப்பு பட்டன் உள்ள அமுங்கியிருக்கா பாருங்க." இருந்தது. யாரோ அவசர நிறுத்த பட்டனை அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கடிகாரச் சுற்றில் திருகியதும் வெளியே வந்தது. அவர்கள் அங்கிருந்தே ரீஸ்டார்ட் செய்தார்கள். ஐந்து நிமிடத்தில் சார்ஜ் ஏற ஆரம்பித்தது. பழுது என்று காட்டும் சார்ஜரை விட்டுப் போவதற்கு முன் அந்தப் பட்டனைப் பாருங்கள்.

அசோசியேஷனில் இரண்டு பயம்: தீப்பிடிக்கும், பொது கரண்ட் பில் ஏறும். மத்திய மின் அமைச்சகத்தின் 2024 வழிகாட்டுதல், வீட்டில் இருக்கும் இணைப்பிலேயே வண்டிக்கு சார்ஜ் போடலாம் என்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கடிதத்தோடு கொடுத்தேன். எங்கள் மீட்டரிலிருந்தே 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர், லோடு கூடினால் கரண்டை நிறுத்தும் தனி எம்சிபி, கசிந்தால் நிறுத்தும் ஆர்சிசிபி, நல்ல எர்த். எலெக்ட்ரீஷியனையே கூட்டத்துக்கு அழைத்துப் போய் விளக்க வைத்தேன். செக்ரட்டரி சார் எர்த் பற்றி மட்டும் அரை மணி நேரம் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். பிறகு கையெழுத்துப் போட்டார்.

இப்போது ராத்திரி போட்டால் விடிவதற்குள் நிறைந்துவிடுகிறது. பில்லில் ஒரு கவனம் வேண்டும்: இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி, ரேட் கூடிவிடும். எங்களுக்குத் தாண்டுகிறது. அப்படியும் வெளியில் கொடுத்ததைவிடக் குறைவுதான்.

எதிர் பிளாக்கில் வாடகைக்கு இருப்பவர் இவி வாங்கியிருக்கிறார். வீட்டு ஓனர் பாயிண்ட் போட விடவில்லை. அவருக்கும் அந்த ஏழாவதுதான் கதி. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நிறுத்தி, சார்ஜர் ஓடுகிறதா என்று பார்த்து மேப்பில் பதிவு போட்டுவிட்டுத்தான் வருகிறேன்.