ராஜாவ விடுங்க, செவுரு கட்டுனவன் கதைய சொல்லுங்க

எங்க பக்கம் சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி படிக்கிறவங்க கைல இப்ப என்னென்ன புக்கு சுத்திட்டு இருக்குன்னு எழுதலாம்னு உக்காந்தேன். வரிசையா யோசிச்சு பாத்தா ஒரு விஷயம் பளிச்சுன்னு தெரியுது, நாங்க விழுந்து விழுந்து பேசுற புக்கு எதுலயுமே ராஜகுமாரன் ஹீரோ கிடையாது. செவுரு கட்டுறவன், வாடகைக்கு விட்ட செக்யூரிட்டி, ஸ்கூல் வாத்தியாரு, எஞ்சின் மெக்கானிக், இவங்கதான் ஹீரோ. உலகத்த காப்பாத்தவே பொறந்தவன், ஜோசியத்துல வந்தவன், அந்த மாதிரி கதையெல்லாம் எனக்கு ஸ்கூல் படிக்கும்போதே ஒட்டல. திருவொத்தியூர்ல வளந்தவளுக்கு ஊரு எப்படி ஓடுதுன்னு தெரியும், யாரோ ஒருத்தர் நைட் ஷிஃப்ட்ல முழிச்சிட்டு நிக்கிறதாலதான் ஓடுது. அத ஒருத்தர் கதையா எழுதுனா நாங்க எப்படி விடுவோம்.

முதல்ல ‘தி டெய்ன்டட் கப்’. ராபர்ட் ஜாக்சன் பென்னட் எழுதுனது, 2024ல வந்துச்சு, 2025ல இந்த மாதிரி கதைங்களுக்குன்னே குடுக்குற ஹியூகோ அவார்டு, சிறந்த நாவலுக்கானது, இதுக்குத்தான் கெடச்சுது. ஒரு பெரிய பணக்கார குடும்பத்து பங்களாவுல இன்ஜினியர் படை ஆபீசர் ஒருத்தர் செத்து கெடக்குறாரு, அதுவும் எப்படி, அவர் உடம்புக்குள்ளேர்ந்தே ஒரு செடி மரமா வெடிச்சு வளந்துருக்கு. விசாரிக்கிறது அனா டொலாப்ரான்னு ஒரு அம்மா, கண்ண கட்டிக்கிட்டே உக்காந்து கேஸ அலசுவாங்க. அவங்களுக்காக வெளிய போயி எல்லாத்தையும் பாத்துட்டு வந்து சொல்ற அசிஸ்டென்ட் பையன் பேரு டின். பாத்தது கேட்டது எதையும் மறக்காம பதிச்சு வச்சிக்கிற மாதிரி அவன் உடம்ப மாத்தி வச்சிருக்காங்க, சின்ன சின்ன குப்பில வாசனை வச்சிருப்பான், ஒரு எடத்துக்கு போறப்ப ஒரு குப்பிய மோந்துக்குவான், அப்புறம் அதே குப்பிய மோந்தா அந்த எடம், அங்க பேசுன பேச்சு எல்லாம் வரி மாறாம திரும்ப வரும். அவ்ளோ ஞாபகம் இருக்குறவனுக்கு எழுத்து படிக்கிறதுதான் கஷ்டம், கண்ணு முன்னாடி எழுத்து ஆடும். இந்த ரெண்டு பேரையும் யாருக்கும் புடிச்சுரும்.

எனக்கு அந்த கதையோட உசிரு கடல் செவுத்துலதான் இருக்கு. வருஷா வருஷம் மழை சீசன்ல கடல்லேர்ந்து மலை மாதிரி பிராணிங்க கரை ஏறி வரும், அத தடுக்க ஒரு செவுரு, செவுத்து மேல பீரங்கி, செவுரு விரிசல் விட்டா அடைக்க இன்ஜினியர் படை. நாடே வளையம் வளையமா இருக்கு, உள் வளையத்துல வசதியானவங்க நிம்மதியா இருப்பாங்க, வெளி வளையத்துல செவுத்துக்கிட்ட நிக்கிறவன் சாவான். கொலைய யாரு பண்ணாங்கன்றத விட செவுத்துல ஓட்ட எப்படி விழுந்துச்சு, அதுல யாரோட லாபம் இருக்குன்னுதான் நான் பக்கம் பக்கமா தேடிட்டு போனேன்.

எங்க கடற்கரை கதை தெரிஞ்சவங்களுக்கு இது எங்கேயோ நடக்குற மாயாஜாலமா தெரியாது. 1870கள்ல மெட்ராஸ் துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க இல்ல, அதுலேர்ந்து வந்த வினை. வருஷத்துல முக்காவாசி நாள் கடல் தெக்கேர்ந்து வடக்க மண்ண தள்ளிக்கிட்டே போகும், நடுவுல ஹார்பர் செவுரு மறிச்சிருச்சு, மண்ணு பூரா தெக்க தங்கிச்சு, அதான் மெரினா அவ்ளோ அகலம். வடக்க எங்க பக்கம் வர வேண்டிய மண்ணு வரல, கரைய கடல் அரிச்சு தின்னுச்சு. எங்க ஆயா பொறந்த தெரு இப்ப தண்ணிக்குள்ள இருக்கு, கரைல நின்னு கை நீட்டி அதோ அங்கன்னு காட்டுவாங்க, காட்டுற எடத்துல படகு போய்ட்டு இருக்கும். அப்புறம் லாரி லாரியா கருங்கல்லு கொட்டுனாங்க, கடலுக்குள்ள நீட்டி கல்லால தூண்டில் வளைவு போட்டாங்க, ஒரு குப்பத்துக்கு வளைவு போட்டா அதுக்கு வடக்க இருக்குற குப்பத்துல அரிக்கும், அப்புறம் அவங்க ரோட்ல உக்காந்து போராடி அவங்களுக்கும் ஒண்ணு வரும். இதெல்லாம் பாத்து வளந்துட்டு டெய்ன்டட் கப் படிச்சா, மண்ணு, கல்லு, கணக்கு, காசு எல்லாம் சேந்தாதான் செவுருன்னு எழுதுனவருக்கு தெரிஞ்சிருக்குன்னு சந்தோஷமா இருக்கு. ரெண்டாவது பாகம் ‘எ டிராப் ஆஃப் கரப்ஷன்’ 2025ல வந்துருச்சு, அதையும் விடாதீங்க.

அடுத்தது ஆண்டி வியர் எழுதுன ‘ப்ராஜெக்ட் ஹெய்ல் மேரி’. 2021 புக்கு, ஆனா ரையன் காஸ்லிங் நடிக்க படமா எடுக்குறாங்கன்னதும் திரும்ப எல்லார் கைலயும் வந்துருச்சு. மெட்ரோல திருவொத்தியூர்லேர்ந்து மண்ணடி வரைக்கும் தெனம் போறப்ப லேடீஸ் பக்கத்துல ஒரு காலேஜ் பொண்ணு இத படிச்சிட்டு வந்துச்சு, எனக்கு பேசாம இருக்க முடியல, எங்க வந்துருக்கன்னு கேட்டேன், கதைல ராக்கி வந்தாச்சான்னு கேட்டேன், அவ்ளோதான், தண்டையார்பேட்டை எப்ப தாண்டுச்சுன்னே தெரியல.

(இனி கொஞ்சம் கதை சொல்லிருவேன், வேணாம்னா நேரா முர்டர்பாட் வர்ற எடத்துக்கு தாண்டிருங்க.) சூரியனோட சக்திய ஒரு நுண்ணுயிர் தின்னுட்டு இருக்கு, சூரியன் மங்குது, ஒரு ஸ்கூல் சயின்ஸ் வாத்தியாரு கப்பல்ல தனியா முழிக்கிறாரு, தன் பேரே ஞாபகம் இல்ல, கணக்கு போட்டு போட்டு எங்க இருக்கோம்னு கண்டுபுடிக்கிறாரு. அங்க வேற கிரகத்துலேர்ந்து வந்த ராக்கி. ராக்கிக்கு கண்ணு இல்ல, சங்கீத சுரம் மாதிரி சத்தம் போட்டு பேசும், அஞ்சு காலு, எத குடுத்தாலும் செஞ்சு குடுக்குற கை. எங்க மாமா காசிமேட்ல போட் எஞ்சின் வேலை பாக்குறவரு, இங்கிலீஷ் படிக்க மாட்டாரு, நான் ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கதைய தமிழ்ல சொல்லுவேன். ராக்கியோட கப்பல்ல வந்தவங்க 23 பேரு, ராக்கிய தவிர எல்லாரும் செத்துட்டாங்கன்னு சொன்னதும் மாமா நிமுந்து உக்காந்தாரு.

"இன்னா பாப்பா சொல்ற, அத்தினி பேரும் பூட்டாங்க, அது மட்டும் எப்டி பொயச்சுது?"

"அது எந்நேரமும் எஞ்சின் பக்கம்தான் மாமா இருக்கும், சுத்தி எரிபொருள், அதுதான் கதிர்வீச்ச மறிச்சிருக்கு. மத்தவங்க இருந்த எடத்துல மறைப்பு இல்ல."

"அப்போ அது எஞ்சின் ட்ரைவரு" அப்படின்னாரு, அன்னிலேர்ந்து ராக்கி எங்க வீட்டு ஆளு. ரெண்டு கப்பலையும் எப்படி சேத்தாங்க, நடுவுல என்ன பைப்பு, என்ன பிரஷர், எல்லாம் கேட்டாரு. ராக்கி ஊர்ல காத்து பூரா அம்மோனியா, நம்ம காத்த விட 29 மடங்கு அழுத்தம், சூடு 210 டிகிரின்னு சொன்னேன். அம்மோனியான்னதும் அவர் மூஞ்சி மாறிருச்சு. மீன் ஐஸ் ஃபேக்டரிங்கள்ல அதான ஓடுது, லேசா கசிஞ்சாலே கண்ணு எரியும் நெஞ்சு அடைக்கும்னு அந்த பக்கம் வேலை செய்றவங்களுக்கு தெரியும். 2023 டிசம்பர்ல ராத்திரி எண்ணூர்ல கடலுக்கடியில போற பைப்லேர்ந்து அம்மோனியா கசிஞ்சு பெரியகுப்பம், சின்னகுப்பம் ஜனங்க கொழந்தைங்கள தூக்கிட்டு ஓடுனத எங்க பக்கம் யாரும் மறக்கல. அந்த காத்து ஒருத்தனுக்கு வாழ்வு, இன்னொருத்தனுக்கு சாவு, ரெண்டு பேரும் நடுவுல ஒரு கண்ணாடி மாதிரி செவுரு வச்சிக்கிட்டு சிநேகம் ஆவுறாங்கன்றத மாமாவுக்கு விளக்கவே வேண்டியிருக்கல. எத்தனையோ ரிவ்யூ படிச்சிருக்கேன், இந்த அம்மோனியாவ இவ்ளோ நெருக்கமா புரிஞ்சிக்கிட்ட வாசகர நான் பாத்ததில்ல.

முர்டர்பாட். மார்த்தா வெல்ஸ் எழுதுறாங்க, முதல் பாகம் ‘ஆல் சிஸ்டம்ஸ் ரெட்’ 2017ல வந்துச்சு, 2025ல ஆப்பிள் டிவில சீரிஸாவும் வந்துருச்சு. கம்பெனி ஒண்ணு வாடகைக்கு விடுற செக்யூரிட்டி எந்திரம், பாதி மனுச உறுப்பு, பாதி மெஷின். தன்ன கட்டுப்படுத்துற மாடியூல ஹேக் பண்ணி விடுதலை ஆயிருச்சு, யாருக்கும் சொல்லல, விடுதலை கெடச்சதும் அது செஞ்சது என்ன தெரியுமா, சீரியல் பாத்துச்சு. சீரியல், படம், புக்கு, பாட்டு எல்லாம் சேத்து ஏறக்குறைய 35,000 மணி நேரம். நிறைய பேர் இத ஜாலியான கதைன்னு சொல்றாங்க, எனக்கு தொண்டைய அடைக்கும். தம்பு செட்டி தெருவுல எங்க ஆபீஸ் கீழ நைட் ட்யூட்டி பாக்குற அண்ணன் கான்ட்ராக்ட் ஆளு, ஏஜென்சி சம்பளத்துல புடிச்சிட்டுதான் குடுக்கும், ராத்திரி பன்னெண்டு மணி நேரம் ஒரு பிளாஸ்டிக் சேரு, கைல போனு, போன்ல பழைய சீரியல். நம்மள கடந்து போறவங்க யாரும் அவர் மூஞ்சிய பாக்கறதில்ல. முர்டர்பாட்டுக்கும் மூஞ்சிய காட்ட புடிக்காது, ஹெல்மெட்ட மூடிக்கும். அது மனுசனா ஆவணும்னு ஏங்கல, அதுக்கு வேண்டியது யாரும் தொந்தரவு பண்ணாத ஓய்வு நேரம். வேலை செய்றவனோட ஓய்வ இவ்ளோ மரியாதையா எழுதுன சயின்ஸ் ஃபிக்‌ஷன் நான் வேற படிச்சதில்ல.

எங்க அண்ணன் மணலி கன்டெய்னர் யார்டுல இருக்கான், அவன் காதுல ஓடுறது ‘டன்ஜன் க்ராலர் கார்ல்’, மேட் டின்னிமன் எழுதுனது, ஆடியோபுக்கு. வேற்று கிரக கம்பெனி ஒண்ணு பூமில இருக்குற கட்டடத்தையெல்லாம் ஒரே நொடில தரைமட்டம் ஆக்கி, தப்பிச்சவங்கள பாதாள நெலவறைல இறக்கி, அவங்க பொழைக்கிறதயும் சாவுறதயும் ரியாலிட்டி ஷோவா ஒளிபரப்புது. காலுல செருப்பு இல்லாத ஒருத்தன், கூட ஒரு பூனை. சிரிக்க சிரிக்க ஆரம்பிச்சு போகப்போக கோவம் வரும் புக்கு. 2020ல ஆன்லைன்ல அத்தியாயம் அத்தியாயமா வந்து, சொந்தமா பதிப்பிச்சு, அப்புறம்தான் பெரிய பதிப்பகம் எடுத்துச்சு. தொடர்கதை படிச்சு வளந்த ஊருக்கு இது புதுசு இல்ல. சுஜாதாவோட ‘என் இனிய இயந்திரா’ ஆனந்த விகடன்ல வாரா வாரம் வந்தப்போ புக்குக்காக கடை வாசல்ல நின்னத எங்க அப்பா இன்னிக்கும் சொல்லுவாரு. கொழந்த பெத்துக்க சர்க்கார் பர்மிஷன் வேணும், பேரு ரெண்டு எழுத்துக்கு மேல இருக்க கூடாதுன்னு ஒரு ஆட்சி, அதுல புக்கு படிச்சு படிச்சு யோசிக்க ஆரம்பிக்கிற எந்திர நாய் ஜீனோ. அந்த கதை நடக்குற காலத்த நாம இப்பதான் தாண்டி வந்துருக்கோம். திரும்ப எடுத்து படிங்க, ஜீனோவும் முர்டர்பாட்டும் ஒரே ரூம்ல இருந்தா நல்லா பேசிப்பாங்க.

எங்க சித்தி பொண்ணு, ரெபேக்கா யாரோஸ் எழுதுன ‘ஃபோர்த் விங்’ செட்டு முடிச்சிட்டு மூணாவது தடவ படிக்குது. டிராகன் ஓட்ட கத்துக்குடுக்குற ராணுவ காலேஜ், சேர்ற பொண்ணுக்கு மூட்டு சட்டுனு விலகிரும், எலும்பு சட்டுனு உடைஞ்சிரும். காதல் பகுதி எனக்கு நீளம்தான், ஆனா வலியோட ஒரு பொண்ணு தெனம் எழுந்து பட்டி சுத்திக்கிட்டு க்ளாஸுக்கு போறத படிச்சிட்டு சித்தி பொண்ணு அழுதுச்சு, அதனால அந்த புக்கு மேல எனக்கு மரியாதை உண்டு.

ஆக்டேவியா பட்லரோட ‘பேரபிள் ஆஃப் தி சோயர்’ பத்தி தனியா எழுதணும். 1993ல வந்த புக்கு, டைரி மாதிரி, முதல் தேதி 2024 ஜூலை. தண்ணி வெல ஏறிடும், வேலி போட்ட தெருவுக்குள்ள ஜனங்க பயந்து வாழுவாங்க. கொடத்த வரிசைல வச்சிட்டு லாரிக்கு காத்திருந்தவங்களுக்கு இதுல எதுவும் கற்பனையா தோணாது.

கடைசியா, என்ன ரொம்ப நாள் தூங்க விடாத புக்கு, ‘தி செய்ன்ட் ஆஃப் ப்ரைட் டோர்ஸ்’. எழுதுனவரு கொழும்புக்காரரு, வஜ்ர சந்திரசேகர, 2023ல வந்துச்சு, நெபுலா அவார்டு வாங்குச்சு. பொறந்ததும் அம்மாவே அவனோட நெழல பிச்சு எறிஞ்சிட்டு, அப்பன கொல்றதுக்குன்னே வளத்த பையன். அவன் எல்லாத்தையும் விட்டுட்டு ஒரு பெரிய ஊருக்கு வந்துர்றான். அங்க அவன மாதிரி தேர்ந்தெடுக்கப்பட்டு தோத்துப்போனவங்க வட்டமா உக்காந்து பேசிக்க ஒரு கூட்டம் இருக்கு. அந்த ஊர்ல பளிச்சுன்னு கலர் பூசுன கதவுங்க இருக்கு, யாராலயும் தொறக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி என்னென்ன தெரிய வருது பாருங்க, கலவரம், ஜாதி இனம் பாத்து பிரிக்கிற பேப்பரு, முகாமு. ஜூலை 83ன்னு சொன்னாலே நமக்கு ஒரு மாதிரி ஆவுமே, அந்த நெருப்போட சூடு இந்த புக்குல இருக்கு, அதுவும் அந்த நாட்டுக்காரர் ஒருத்தரே ஒளிக்காம எழுதுனதுல. படிக்க லேசு இல்ல, மெதுவா போங்க.

தமிழ்லயும் இப்ப நடக்குது. அரூ இணைய இதழ் அறிவியல் புனைவு, கனவுருப்புனைவுக்குன்னே ஆரம்பிச்சு சிறுகதை போட்டியெல்லாம் நடத்துனாங்க, அதுல வந்த கதைங்கள தேடி படிங்க. எனக்கு இன்னும் வேணும். தூண்டில் வளைவுக்கு கல்லு ஏத்துற லாரி ட்ரைவர வச்சு ஒரு நாவல், ஐஸ் ஃபேக்டரி ஆபரேட்டர வச்சு ஒரு விண்வெளி கதை, மெட்ராஸ் பாஷைல, எவ்ளோ பக்கம் இருந்தாலும் நான் காசு குடுத்து வாங்குவேன்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க ஆல் சிஸ்டம்ஸ் ரெட்லேர்ந்து ஆரம்பிங்க, சின்ன புக்கு, ஒரே நாள்ல முடிஞ்சிரும். எஞ்சின், வெல்டிங், கணக்குன்னு ஆசை இருந்தா நேரா ஹெய்ல் மேரிக்கு போங்க. இங்கிலீஷ் படிக்க வராதவங்க வீட்ல இருந்தா நீங்களே தமிழ்ல சொல்லுங்க, மாமாவுக்கு நான் இப்ப டெய்ன்டட் கப் பாதி வரைக்கும் சொல்லிட்டேன், அந்த செவுத்துக்கு எவ்ளோ ஆழத்துக்கு அஸ்திவாரம் போட்டாங்கன்னு கேக்குறாரு.