கனத்தைக் கைக்கு மாற்றுதல்

அக்கா இறந்து நான்கு மாதங்கள் கழித்து நான் சென்ற கலைச் சிகிச்சையாளர், என்ன நடந்தது என்று கேட்கவே இல்லை. வெள்ளைத் தாள் ஒன்றையும் கரித்துண்டு ஒன்றையும் என் பக்கம் நகர்த்தி வைத்தார். எனக்கு வரையத் தெரியாது என்று சொன்னதற்கு, தெரிய வேண்டியதில்லை என்றார். ஒரு மணி நேரத்தில் தாளின் இடது ஓரத்தில் ஒரு கருந்திட்டை மட்டுமே உண்டாக்கியிருந்தேன். ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழியும் நிலைக்கு வந்திருந்தது. "இதைத் தூக்கினால் எவ்வளவு கனம் இருக்கும்?" என்று அவர் கேட்டார். நனைந்த போர்வையின் கனம் இருக்கும் என்றேன். "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு நான்கு மாதங்களாக எவருக்கும் பதில் சொல்ல முடியாத நான், தாளில் இருந்த அந்தத் திட்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன்.

இந்த முறைக்குக் கலைச் சிகிச்சை என்ற பெயரை 1942-இல் வழங்கியவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர். காசநோய் மருத்துவமனையில் படுத்திருந்த காலத்தில் வரைவது தமக்கே துணை நின்றதைக் கண்டு, பிற நோயாளிகளையும் வரையத் தூண்டியவர். பிற்கால ஆய்வுகளில், 2016-இல் வெளியான ஒன்று எனக்குப் பிடித்தது. 39 பேர் 45 நிமிடங்கள் களிமண், வண்ணப் பேனா, ஒட்டுப்படம் என்று விரும்பியதைச் செய்தார்கள். அவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனின் அளவு குறைந்தது, முன்பயிற்சி இருந்ததா இல்லையா என்பது அதில் வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. ஆனால் ஒப்பிடுவதற்கு வேறொரு குழு வைக்கப்படவில்லை. மீதிக் கால்வாசிப் பேருக்குக் குறையவும் இல்லை. எனவே வரைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர்களிடம் எனக்குச் சற்று எரிச்சல் உண்டு.

வரைவதோடு, கைகளால் தொட்டு உடலைத் தளர்த்தும் தொடு சிகிச்சையையும் நாடினேன். அதில் என் முதல் அனுபவம் மோசமானது. கேளாமலே கழுத்தில் கை வைத்து, வேகவேகமாகத் தேய்த்த ஒருவரிடம் போய், முன்பிருந்ததைவிட இறுகிய உடம்போடு திரும்பினேன். இரண்டாவதாகச் சென்ற பெண்மணி, ஒவ்வொரு முறையும் கையை நகர்த்துவதற்கு முன் என் அனுமதியைக் கேட்டார்; தோள்பட்டை எலும்பின் மேல் உள்ளங்கையை வைத்துவிட்டு வெகுநேரம் அசைக்காமலே இருந்தார். மூச்சு தானாக நீண்டது.

வேகம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பது பிறகு படித்தபோது விளங்கியது. முடி உள்ள தோலில் சி-டாக்டைல் எனப்படும், மையலின் என்ற கொழுப்பு உறை இல்லாத நரம்பிழைகள் இருக்கின்றன. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில், தோலின் வெப்பத்தை ஒத்த இதமான வருடலுக்கே அவை மிகுதியாகக் கிளர்கின்றன. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை சுமார் 24 சென்டிமீட்டர் என்றால், அந்தத் தூரத்தைக் கடக்க 8 நொடிகள் எடுத்துக்கொள்ளலாம். செய்து பாருங்கள், எவ்வளவு மெதுவானது என்று வியப்பீர்கள்.

பிறர் தொடுவதே தாங்காதவர்களும் உண்டு. தொடுதலாலேயே காயப்பட்டவர்களுக்கு அதை மருந்தென்று திணிப்பது கொடுமை. 1997-இல் மெக்சிகோவைத் தாக்கிய 'பாலின்' என்ற பெயருடைய சூறாவளியில் தப்பிய குழந்தைகளோடு வேலை செய்தபோது, லூசினா ஆர்திகாஸ் என்ற சிகிச்சையாளர் உருவாக்கிய வண்ணத்துப்பூச்சி அணைப்பு இங்கே உதவும். கைகளை மார்பின் குறுக்கே வைத்து, விரல்களால் இடமும் வலமுமாக மாறி மாறி மெல்லத் தட்டிக்கொள்வது அது. அதிலிருந்து வளர்ந்த குழுச் சிகிச்சையில் குழந்தைகள் தங்கள் நினைவை வரைந்து, அந்தப் படத்தைப் பார்த்தபடியே தட்டிக்கொள்கிறார்கள். வரைவதும் தொடுவதும் ஒரே இடத்தில் சேரும் இந்த முறை எனக்கு மிகவும் பொருந்திப் போனது.

மருந்தை நான் நிறுத்தவில்லை. மனநல மருத்துவரைப் பார்ப்பதையும் விடவில்லை. வாரம் ஒருநாள் கரித்துண்டை எடுக்கிறேன். பிறகு விரல்களில் கறுப்பு ஒட்டியிருக்க, தோள்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சட்டையில் கறை படிகிறது; அதற்கென்றே ஒரு பழைய சட்டையை ஒதுக்கி வைத்திருக்கிறேன்.