காரணம் எழுதாத விடைத்தாள்

பெர்லினுக்கு முதுகலைப் பொறியியல் படிக்க வந்த முதல் பருவத்திலேயே கட்டுப்பாட்டுப் பொறியியல் தேர்வில் 5.0 வாங்கினேன். ஜெர்மனியில் 1.0 தான் மிக உயர்ந்த மதிப்பெண், 4.0 வரை தேர்ச்சி; 5.0 என்றால் தோல்வி. விசாவுக்காக, வாழ்க்கைச் செலவுக்கு மாதாமாதம் மட்டுமே பணம் எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ கட்ட அப்பா கல்விக் கடன் வாங்கியிருந்தார். 5.0 என்ற எண்ணைத் திரையில் கண்டதும் கடன்தான் முதலில் நினைவுக்கு வந்தது. வீட்டில் சொல்லவில்லை.

சேலத்தில் படித்தபோது இன்டர்னல் மதிப்பெண், அசைன்மென்ட், மாதிரித் தேர்வு என்று பருவம் முழுவதும் எங்களை யாராவது தள்ளிக்கொண்டே இருந்தார்கள். இங்கே அந்தப் பாடம் முழுவதும் கடைசியில் வரும் 90 நிமிடத் தேர்வு ஒன்றையே நம்பியிருந்தது. 6 கிரெடிட் பாடம் என்றால், கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் என்ற கணக்கில், 180 மணி நேர உழைப்பு. அதில் வகுப்பில் கழிவது ஏறத்தாழ 60 மணி நேரம்தான் என்பதையும், மீதியை நானே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதையும் நான் காலம் கடந்தே உணர்ந்தேன்.

ஆனால் இந்நாட்டுக் கல்விமுறையில் நான் மிகவும் மதிக்கும் ஒரு வழக்கத்தை அந்தத் தோல்விதான் எனக்குக் காட்டியது. திருத்திய விடைத்தாளை மாணவர் நேரில் பார்த்துக் கேள்வி கேட்கலாம். இதை ஐன்ஸிஷ்ட் என்கிறார்கள். குறித்த நாளில் போனேன். ஓர் அமைப்பு நிலையானதா என்று கண்டறிய உதவும் நைக்விஸ்ட் வளைகோட்டைச் சரியாகத்தான் வரைந்திருந்தேன். 'அமைப்பு நிலையற்றது' என்ற விடையும் சரி. இருந்தும் 8 மதிப்பெண்ணுக்கு 3 தான். ஓரத்தில் சிவப்பு மையில் 'பெக்ருண்டுங்' என்று ஒரே சொல் எழுதியிருந்தது. அடுத்த பக்கத்திலும் அதே சொல். பத்தாம் வகுப்பு வினாத்தாளில் 'காரணம் கூறுக' என்று வருமே, அதே பொருள்தான்.

திருத்திய ஆய்வு உதவியாளர் பக்கத்தில் வந்து அமர்ந்தார். திறந்த சுற்றின், அதாவது பின்னூட்டம் இணைக்காத அமைப்பின், துருவங்களில் எத்தனை சிக்கலெண் தளத்தின் வலப்பாதியில் இருக்கின்றன என்று கேட்டார். ஒன்றும் இல்லை, ஆகவே வளைகோடு −1 என்ற புள்ளியைச் சுற்றினாலே அமைப்பு நிலையற்றதாகிவிடும் என்று உடனே சொன்னேன். "இதை ஏன் எழுதவில்லை?" என்றார். எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்றேன். "நீங்கள் எழுதாத வரை உங்களுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது" என்று அமைதியாகச் சொன்னார். மதிப்பெண் மாறவில்லை; அது நியாயம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

என் படிப்பின் விதிப்படி ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம் என்பதால், இரண்டாம் முறைக்கு ஏறக்குறைய ஆறு வாரம் படித்தேன். ஒவ்வொரு கணக்கின் கீழும், பார்ப்பதற்கு வெளிப்படையாகத் தோன்றினாலும், 'ஏனெனில்' என்று தொடங்கி ஒரு வரி எழுதிப் பழகினேன். 2.3 வந்தது.

அன்றிரவு வீட்டுக்குப் பேசி இரண்டு எண்களையும் ஒன்றாகச் சொன்னேன். அப்பா 2.3 நல்ல மதிப்பெண்ணா என்று விசாரித்தார். அம்மா முதல் எண்ணைப் பற்றி மட்டுமே கேட்டார்.

"அப்பவே ஏம்ப்பா சொல்லல?"