14 நாள் ஜிங்க் மாத்திரை

மகளுக்கு இரண்டு வயதில் வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ் பொட்டலங்களோடு ஜிங்க், அதாவது துத்தநாக மாத்திரையும் கொடுத்தார்கள். தினம் ஒன்று, 20 மில்லிகிராம், 14 நாள். ஆறு மாதம் ஆகாத கைக்குழந்தைக்குப் பாதி மாத்திரைதான், தாய்ப்பாலில் கரைத்து.

கரைப்பது பெரிய வேலை இல்லை. ஸ்பூனில் மாத்திரையை வைத்து, காய்ச்சி ஆறிய தண்ணீர் கொஞ்சம் விட்டால் தானே உதிர்ந்து மாவாகிவிடும். ஊட்டுவதுதான் பாடு. மேலே இனிப்பு, அடியில் ஒரு உலோகக் கசப்பு. ருசி பார்த்த என் நாக்கிலேயே வெகுநேரம் நின்றது. முதல் வாயை என் நைட்டியில் துப்பினாள். அப்புறம் சாப்பாடு ஆனதும், ஒரு சொட்டு மருந்து, ஒரு மடக்கு ஓஆர்எஸ் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தேன். இறங்கியது.

பேதி நின்ற பிறகுதான் நிஜமான இழுபறி. "அதான் நின்னுடுச்சே, இன்னும் எதுக்கும்மா மருந்து?" என்றார் அத்தை. கேள்வி நியாயம்தான். வீட்டுக்கு வந்த கிராம சுகாதாரச் செவிலியர் விளக்கினார். பேதியோடு துத்தநாகச் சத்தும் வெளியேறிவிடுகிறது. இரும்பைப் போல அதைச் சேர்த்துவைக்க உடம்பில் கிடங்கு கிடையாது. குடலின் உள்தோல் புதிதாக வளரவும், கிருமியோடு மோதும் வெள்ளையணுக்கள் பெருகவும் அது வேண்டும். "முழுசாக் குடுத்தா அடுத்த ரெண்டு மூணு மாசத்துக்கு மறுபடி பேதி வர்றது குறையும்மா." உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004 முதல் சொல்லிவருவதும் இதைத்தான். அத்தைக்கு அந்த ரெண்டு மூணு மாசக் கணக்கு பிடித்துப்போனது. மறுநாள் ஸ்பூனோடு வந்து நின்றது அவர்தான்.

இரும்புச்சத்து சிரப்பைச் சாயங்காலத்துக்குத் தள்ளச் சொன்னார் செவிலியர். இரண்டும் ஒன்றாகப் போனால் குடலில் போட்டி. சோறு, பருப்பில் துத்தநாகம் இருந்தாலும் தானியம், பருப்பில் இயற்கையாக இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருள் அதை உடம்பில் சேரவிடாதாம். மாவு புளித்தால் அது குறையும் என்றதும் எங்கள் வீட்டு இட்லிக்கு மவுசு கூடிவிட்டது.

பக்கத்து வீட்டு அக்கா, "எதிர்ப்புச் சக்திக்கு நல்லதுன்னா மாசாமாசம் குடுக்கலாமே" என்றார். கொரோனா காலத்துப் பழக்கம்! அதையும் கேட்டுவைத்தேன். கூடாதாம். அளவு மீறி நெடுநாள் போனால் உடம்பில் செம்புச் சத்து குறைந்து, ரத்தசோகை வரும், வெள்ளையணுக்களும் குறையும். 14 நாள் முடிந்ததும் நிறுத்திவிட்டோம்.