63 வரி எக்செல், கடைசியில் ஒரு பழைய டிப்போ

இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலின் பிளானிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள், இன்னும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். 2022 தொடக்கத்தில் என் மேலாளர் "சின்ன வேலைதான், ஆறு வாரத்தில் முடிந்துவிடும்" என்று சொல்லி ஒரு எக்செல் கோப்பை அனுப்பினார். அதில் 63 வரிகள். ஒவ்வொரு வரியும் நகரத்துக்குள் சும்மா கிடக்கும் ஒரு துண்டு நிலம்: மூடிய பட்டறை, பழைய ரயில்வே யார்டு, இடித்த பப், கேஸ் தயாரித்த இடம். இவற்றில் எங்கெல்லாம் ஜிப்சி, டிராவலர் குடும்பங்களுக்கு, அதாவது கேரவன் என்ற சக்கர வீட்டில் ஊர் ஊராகப் போய் வாழ்ந்த சமூகங்களுக்கு, இடம் ஒதுக்கலாம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஆறு வாரம் மூன்று வருடமாக இழுத்தது.

இப்படி ஏற்கெனவே ஏதோ இருந்து கைவிடப்பட்ட நிலத்தை இங்கே பிரவுன்ஃபீல்ட் என்பார்கள். 2017-இலிருந்து ஒவ்வொரு கவுன்சிலும் வீடு கட்டத் தோதான பிரவுன்ஃபீல்ட் நிலங்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும். எங்கள் எக்செலில் பாதி அதிலிருந்து வந்தது, மீதி கவுன்சிலின் சொந்தச் சொத்துப் பட்டியல். டிராவலர் இடங்களுக்கென்றே அரசு தனியாக ஒரு கொள்கை ஆவணம் வைத்திருக்கிறது, 2012-இல் முதலில் வந்தது. கைவிடப்பட்ட, அலங்கோலமாகக் கிடக்கும் நிலத்தை ஒருவர் நன்றாகப் பயன்படுத்த முன்வந்தால் அதைச் சாதகமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கும். பச்சை வயலைத் தொட வேண்டாம், பள்ளி, டாக்டர், கடை எல்லாம் பக்கத்திலேயே. நானும் அப்படி நம்பித்தான் ஆரம்பித்தேன்.

முதலில் எத்தனை குடும்பம் என்ற கணக்கு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்துத் தங்களை ஜிப்சி அல்லது ஐரிஷ் டிராவலர் என்று குறித்தவர்கள் 71,000-க்குக் கொஞ்சம் மேல். பெரும்பாலோர் செங்கல் வீட்டில்தான் இருக்கிறார்கள், கேரவனில் இருப்பவர்கள் குறைவு. எங்கள் ஊரில் அந்தக் குறைந்த பேருக்கே இடம் போதவில்லை. ஒரு குடும்பம் இருக்கும் துண்டுக்கு பிட்ச் என்று பெயர்: ஒரு பெரிய கேரவன், பயணத்துக்கு ஒரு சின்ன கேரவன், சமையலும் குளியலும் உள்ள ஒரு சின்னக் கட்டடம், இரண்டு வண்டி நிறுத்த இடம். நாங்கள் ஒரு பிட்ச்சுக்கு 500 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டோம்.

இந்தக் கணக்கே ஒரு தனிக் கூத்து. 2015-இல் அரசு வரையறையை மாற்றியிருந்தது: பயணம் போவதை நிரந்தரமாக நிறுத்திவிட்டவர் கொள்கைப்படி டிராவலரே கிடையாது. மூட்டு வலியோடு வீட்டில் இருக்கும் பாட்டி, உடம்பு முடியாத பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, எல்லோரும் ஒரே நாளில் கணக்கிலிருந்து காணாமல் போனார்கள். எங்களுக்கு வந்த முதல் அறிக்கையில் தேவை 6 பிட்ச். அதே 2022 அக்டோபரில், லிசா ஸ்மித் என்பவர் தொடர்ந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விலக்கு பாகுபாடு காட்டுகிறது என்று சொல்லிவிட்டது. 2023 டிசம்பரில் அரசு பழைய வரையறைக்கே திரும்பியது, 2024 டிசம்பரில் அதை இன்னும் விரித்தது. அதே குடும்பங்கள், அதே பாட்டி, ஆனால் 6 என்பது 17 ஆகிவிட்டது.

சரி, நிலத்துக்கு வருகிறேன்.

சின்னத் துண்டுகளை எடுத்துப் போட்டதில் 14 வரி போயிற்று. ஏற்கெனவே ஃபிளாட் கட்ட அனுமதி வாங்கியவை, வாங்கப் போகிறவை என்று 21. நில உரிமையாளர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினோம், உங்கள் இடத்தை இதற்குத் தர விருப்பமா என்று. இரண்டு பதில் வந்தது. ஒருவர், தந்தால் பக்கத்துத் துண்டில் எனக்கு எத்தனை ஃபிளாட் அனுமதி கிடைக்கும் என்று கேட்டிருந்தார். இன்னொருவர் இனிமேல் இந்த முகவரிக்கு எதுவும் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தார். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது, ஐந்து மாடி ஃபிளாட் வரக்கூடிய இடத்தில் எட்டுக் கேரவன் என்றால் எந்த முதலாளி ஒத்துக்கொள்வார்?

அடுத்து வெள்ளம். இங்கேதான் எனக்கு முதல் அடி. வெள்ள அபாயத்தைப் பொறுத்தவரை சாதாரண வீட்டை ஒரு வகையிலும், நிரந்தரமாகக் குடியிருக்கும் கேரவனை அதற்கும் மேலே, மிக எளிதில் பாதிக்கப்படும் வகையிலும் வைத்திருக்கிறார்கள். ஆற்றோரம், வெள்ள அபாயம் அதிகமுள்ள மூன்றாம் மண்டலத்தில் சில சோதனைகளைத் தாண்டினால் ஃபிளாட் கட்டிவிடலாம், கீழ்த்தளத்தை கார் நிறுத்த விட்டுவிட்டு மேலே ஆட்களை வைப்பார்கள். கேரவனுக்கு அங்கே அனுமதியே கிடையாது, நியாயம்தான், ஏறி நிற்க மாடி இல்லை, தண்ணீர் வந்தால் வீடே மிதக்கும். ஆனால் பழைய தொழிற்சாலைகள் எல்லாம் எங்கே இருந்தன? தண்ணீருக்காகவும் படகுக்காகவும் ஆற்றங்கரையில்தான். 13 வரி ஒரே மத்தியானத்தில் சிவப்பானது. அபாயகரமான பொருள் வைத்திருக்கும் கிடங்குகளின் எல்லைக்குள் வருபவை, சாலையே இல்லாதவை என்று இன்னும் 6. மிச்சம் 9.

அந்த ஒன்பதையும் நடந்தே பார்த்தேன். எல்லாவற்றையும் சொல்லி அறுக்கவில்லை, இரண்டு மட்டும்.

ஒன்று பழைய கேஸ் நிலையம். நிலக்கரியை வாட்டி கேஸ் எடுத்த காலத்தது. பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் இரண்டு பெரிய வட்டங்கள் தெரியும், கேஸ் தொட்டிகள். எங்கள் மாசு அதிகாரி (மண்ணைக் கிள்ளி மோந்து பார்த்தே பாதி சொல்லிவிடுவார், செய்யக் கூடாதுதான்) ஒரு மூலையில் பூட்ஸால் கிளறிக் காட்டினார். மண் நீலமாக இருந்தது, சொட்டு நீலம் கொட்டிய மாதிரி. கேஸைச் சுத்தம் செய்து தீர்ந்துபோன இரும்பு ஆக்சைடு, அதில் சயனைடு சேர்மங்கள். அந்த இடத்தைச் சீர்செய்ய மலிவான வழியும் அவரே சொன்னார்: எல்லாவற்றையும் கான்கிரீட் போட்டு மூடிவிடு. மாசு, அது வரும் பாதை, பாதிக்கப்படும் ஆள் என்று மூன்றும் இருந்தால்தான் ஆபத்து என்பது இந்தத் துறையின் பாலபாடம், கான்கிரீட் போட்டால் பாதை அடைபட்டது. கேரவன் எப்படியும் கான்கிரீட் மேல்தானே நிற்கும், வசதிதான் என்று அறிக்கை எழுதும் யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. அப்புறம்தான் மேலாளர், குழந்தைகள் எங்கே விளையாடும் என்று கேட்டார். புல் ஒரு சதுர அடிகூட இல்லாமல் வரைந்திருந்தேன்.

இன்னொன்று ரயில்வே சரக்கு யார்டு. பெரிய இடம், வெள்ளம் இல்லை, மண்ணும் ஓரளவு பரவாயில்லை. குதூகலமாகத் திரும்பி நடந்தபோதுதான் உள்ளே வரும் ஒரே வழியில் இருந்த ரயில் பாலத்தின் பலகையைப் பார்த்தேன்: 12 அடி 3 அங்குலம். பெரிய கேரவன் சக்கரத்தில் ஓடி வராது, லாரி மேல் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும், லாரியின் உயரத்தோடு அந்தப் பாலத்தில் நுழையாது. எக்செலில் இதற்கு ஒரு கட்டமே இல்லை. அன்றைக்கு இரண்டு கட்டம் சேர்த்தேன். ஒன்று, வழியில் உள்ள பாலத்தின் உயரம். இன்னொன்று, இந்த இடத்தில் வீடு கட்டச் சொன்னால் நாமே அனுமதிப்போமா, ஆம் அல்லது இல்லை. இரண்டாவது கட்டத்தை மேலாளர் முதலில் நீக்கச் சொன்னார், பிறகு ஏனோ விட்டுவிட்டார். ஒன்பதில் ஆறுக்கு அங்கே "இல்லை" என்று எழுத வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது.

எங்கள் ஊரில் ஏற்கெனவே ஒரு கவுன்சில் சைட் உண்டு. 1968 சட்டம் கவுன்சில்களை இப்படி இடம் அமைக்கக் கட்டாயப்படுத்தியது, 1994-இல் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டார்கள். எங்களுடையது அந்த இடைப்பட்ட காலத்தில் கட்டியது, ஒரு பக்கம் கழிவுநீர் நிலையம், மறுபக்கம் பைபாஸ். அங்கே போய்க் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது என்று தோன்றியது, போனேன். முதல் தடவை யாரும் பேசவில்லை. மூன்றாம் தடவை ஒரு ரோமானி (ஜிப்சி) பாட்டி உள்ளே கூப்பிட்டு டீ கொடுத்தார். கண்ணாடி அலமாரியில் பீங்கான் தட்டுகள் பளபளத்தன. தொட்டி ஓரம் மூன்று பிளாஸ்டிக் பேசின் அடுக்கியிருந்தது: ஒன்று பாத்திரத்துக்கு, ஒன்று துணிக்கு, ஒன்று கை கால் கழுவ. ஒன்றை இன்னொன்றுக்குப் பயன்படுத்தினால் அது மோக்கடி என்றார். எச்சில், தீட்டு பார்த்த வீட்டில் வளர்ந்தவனுக்கு விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கழிப்பறை ஏன் கேரவனுக்குள் இருக்கக் கூடாது, ஏன் தனிக் கட்டடம் என்பது அப்போதுதான் உறைத்தது. அதுவரை செலவைக் குறைக்க அந்தக் கட்டடங்களைச் சேர்த்துக் கட்டி இரண்டு குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன்.

பைபாஸ் சத்தம் தூங்க விடுமா என்று கேட்டேன். அவர் எழுந்து கேரவன் சுவரை விரலால் தட்டிக் காட்டினார், டப்பா மாதிரி கேட்டது. "செங்கல் வீட்டில் இருக்கிறவங்க எழுதின கணக்குல இதைப் பார்த்தாங்களா?" என்றார். பார்த்திருக்கவில்லை. எங்களுடைய சத்தக் கணக்கில் படுக்கையறைக்குள் இரவில் 30 டெசிபல் என்பது இலக்கு, வெளிச் சத்தத்திலிருந்து செங்கல் சுவரும் இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் எவ்வளவு தடுக்குமோ அதைக் கழித்திருந்தோம். கேரவன் சுவருக்குத் தகுந்தபடி மாற்றியதும் "ஆம்" எழுதிய மூன்று இடங்களில், பாலத்தால் போன யார்டோடு இன்னொன்றும் விழுந்தது. அதைக் காப்பாற்ற நான்கு மீட்டர் உயரத்துக்கு வேலி போடலாம் என்று யோசனை வந்தது. வரைபடத்தைப் பாட்டியின் மகனிடம் காட்டினேன், "ஜெயில் எப்போ திறக்குறீங்க?" என்றார்.

கடைசியில் நின்றது ஒன்றே ஒன்று, கவுன்சிலின் சொந்த நெடுஞ்சாலை டிப்போ. பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பை அடுக்கி வைக்கும் பெரிய கொட்டகை, இரண்டு அலுவலக அறை, அகலமான கேட். பேருந்து நிறுத்தம் மூன்று நிமிடம், பள்ளி பத்து நிமிடம். "வீடு கட்ட அனுமதிப்போமா" கட்டத்தில் "ஆம்". அதனாலேயே பிரச்சினை. எங்கள் சொத்துப் பிரிவு துள்ளியது. 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 123-ஆம் பிரிவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், கவுன்சில் நிலத்தை விற்றால் கிடைக்கக்கூடிய நல்ல விலைக்குத்தான் விற்க வேண்டும் என்பது. நாங்கள் விற்கவில்லையே, நாமே வைத்துக்கொண்டு வாடகைக்கு விடப் போகிறோம் என்று புரியவைக்க ஐந்து கூட்டம். ஒரு மூத்த அதிகாரி கேஸ் நிலையத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாமே, அங்கே வேறு எதுவும் வராதே என்றார். அவர் கெட்டவர் இல்லை. 63 வரியும் அந்த நினைப்பில்தான் தொகுக்கப்பட்டிருந்தன, வேறு எதற்கும் ஆகாதது இவர்களுக்கு ஆகும் என்று.

பொதுமக்கள் கருத்துக் கேட்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டாம் என்று பார்க்கிறேன். ஆறு வாரம், நூற்றுக்கணக்கில் கடிதங்கள். சிலவற்றை வெளியிடவே முடியாது, ரோமானி ஜிப்சிகளும் ஐரிஷ் டிராவலர்களும் சமத்துவச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட இனக்குழுக்கள், அவர்களை இழிவுபடுத்தி எழுதியவற்றை நானும் ஒரு தோழியும் உட்கார்ந்து வரிவரியாகக் கறுப்படித்தோம். போக்குவரத்து பற்றிக் கவலைப்பட்டு எழுதியவர்களும் இருந்தார்கள். உப்பு லாரி போகிறபோது வராத கவலை அது, இருந்தாலும் பதில் எழுதினோம்.

எங்கள் கவுன்சிலின் நிலத் திட்டத்தை ஆய்வு செய்ய வந்த பிளானிங் இன்ஸ்பெக்டர் இதற்கு அரை நாள் ஒதுக்கினார். 63-லிருந்து 1 எப்படி வந்தது என்று ஒவ்வொரு வரியாகக் கேட்டார், பாலத்தின் உயரம் வரைக்கும். ஃபோட்டோவில் அந்தப் பலகை இருந்தது, பிழைத்தோம். இந்த வேலை செய்கிறவர்கள் எல்லாவற்றையும் ஃபோட்டோ எடுத்து வையுங்கள், ஏன் நீக்கினோம் என்பதை நீக்கிய அன்றைக்கே எழுதிவிடுங்கள். டிப்போவில் 8 பிட்ச் ஒதுக்கீடாகிவிட்டது. மீதி 9-க்கு நகரத்துக்கு வெளியே, குடும்பங்கள் தாங்களே வாங்கி வைத்திருக்கும் நிலங்களைப் பார்க்கச் சொல்லிவிட்டார். அவற்றில் சில பசுமை வளையத்துக்குள், அதாவது நகரம் பரவாமல் இருக்கக் கட்டடங்களைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குள் வருகின்றன, அது அடுத்த சண்டை.

வரைபடத்தைக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் காட்டினேன். குப்பை லாரி திரும்பும் வட்டத்தை விளையாட்டுப் புல்வெளி மேலேயே வரைந்திருப்பதாகச் சொன்னார். ஆமாம், வரைந்திருக்கிறேன். மாற்றிக்கொண்டிருக்கிறேன். உப்புக் கொட்டகையை இடிக்க டெண்டர் போயிருக்கிறது, நாற்பது வருடம் மண்ணில் இறங்கிய உப்பு புதுக் கான்கிரீட்டின் கம்பியை என்ன செய்யும் என்று மாசு அதிகாரி மண் எடுத்துப் போயிருக்கிறார், முடிவு அடுத்த வாரம் வருமாம்.