புவெர்த்தோ எஸ்கொந்தீதோ: பதினொரு மணிக்கு முன்னும் பின்னும்

மெக்சிகோவின் வஹாக்கா மாநிலத்தில், பசிபிக் கரையோரம் அமைந்திருக்கும் புவெர்த்தோ எஸ்கொந்தீதோவைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அதை அவசரமே அறியாத ஊர் என்று சொல்லித்தான் தொடங்குகிறார்கள். காலை பதினொரு மணிக்கு மேல் அங்கே போய் இறங்குகிற எவருக்கும் அப்படித்தான் தோன்றும். கடைத் திண்ணைகளில் நாய்கள் உறங்கும். கீற்றுக் கூரைகளின் கீழ்த் தொங்கும் வலைத் தொட்டில்களில் மனிதர்கள் உறங்குவார்கள். ஆனால் அந்த உறக்கம், விடியலுக்கு முன்பே தொடங்கிவிட்ட ஒரு வேலை நாளின் பிற்பாதி என்பதைச் சில நாட்கள் தங்கினால்தான் உணர முடிகிறது.

வஹாக்கா நகரிலிருந்து வேன் ஒன்றில் வந்தேன். 2024 பிப்ரவரி வரை இந்தப் பயணம் தெற்கு மலைத்தொடரின் கொண்டை ஊசி வளைவுகளில் ஆறு, ஏழு மணி நேரம் குமட்டலோடு கழிய வேண்டியதாக இருந்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாக இழுத்தடிக்கப்பட்டு, அந்த மாதத்தில் திறக்கப்பட்ட 104 கிலோமீட்டர் நெடுஞ்சாலை அதை ஏறத்தாழ மூன்று மணி நேரமாகக் குறைத்துவிட்டது. கற்றாழை வயல்களில் தொடங்கி, பைன் மரக் குளிரைக் கடந்து, ஈரப் புழுக்கமுள்ள கடலோரச் சமவெளிக்கு இறங்குவதற்குள் மூன்று வெவ்வேறு நாடுகளைத் தாண்டி வந்துவிட்ட மயக்கம் ஏற்படுகிறது.

ஊரின் புகழுக்குக் காரணம் சிக்கத்தேலா கடற்கரை. ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர் நீளமுள்ள, மறைப்பே இல்லாத மணற்கரை அது. தென் அரைக்கோளத்தில் குளிர்காலம் நிலவும் மாதங்களில், அங்கே பெருங்கடலில் எழும் புயல்கள் கிளப்பிவிடும் அலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் பயணம் செய்து இந்தக் கரையை வந்தடைகின்றன. வேறு பல கரைகளில், நீண்டு சரியும் ஆழமற்ற கடலடியில் உரசி உரசியே அலையின் வேகம் தணிந்துவிடும். இங்கே கடல் கரைக்கு மிக அருகிலேயே ஆழமாகிவிடுவதால், தொலைவிலிருந்து வந்த ஆற்றல் அனைத்தும் குறையாமல் கரையோர மணல் திட்டுகளில் ஒரே மூச்சில் மோதி எழும்பி, உள்ளே வெற்றிடமுள்ள குழலாகச் சுருண்டு விழுகிறது. ஹவாய்த் தீவுகளின் புகழ்பெற்ற பைப்லைன் அலையை நினைவூட்டுவதால் அலைச்சறுக்கு வீரர்கள் இதை மெக்சிகன் பைப்லைன் என்று அழைக்கிறார்கள். ஹவாயில் அடியில் இருப்பது பாறை, இங்கே மணல். மணல்தானே என்று எளிதாக எண்ணிவிட முடியாது. பெரிய அலை அடிக்கும் நாளில் அந்த மணல் மீது வீசப்படுவது கல் தரையில் விழுவதற்கு ஒப்பானது என்கிறார்கள். இரண்டாக முறிந்த பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சிரித்தபடி கரையேறும் இளைஞர்களை அங்கே அடிக்கடி பார்க்கலாம்.

காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகிறது. அது அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடித்து, வழவழப்பாக வைத்திருக்கிறது. வெயில் ஏறி நிலம் சூடானதும் காற்று திசை மாறிக் கடலிலிருந்து வீசத் தொடங்கும். பெரும்பாலும் பதினொரு மணிவாக்கில் அலைகள் கலைந்து குழம்பிவிடுகின்றன. ஆகவே நல்ல அலைக்கான நேரம் விடியலிலிருந்து சில மணி நேரம் மட்டுமே. இருள் விலகுமுன்பே பலகைகளோடு இளைஞர்கள் கரையில் நின்று, ஒருவரோடு ஒருவர் பேசாமல் கடலையே படித்துக்கொண்டிருப்பார்கள். காப்பிக் கடைகள் அவர்களை நம்பியே அவ்வளவு சீக்கிரம் திறக்கின்றன. உயிர்காப்பாளர்கள் சிவப்புக் கொடிகளை ஊன்றுகிறார்கள். அந்தக் கொடி ஊன்றியிருக்கும்போது முழங்கால் நீரில்கூட நிற்காதீர்கள் என்று விடுதிக்கார அம்மாள் என்னிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கரையில் மோதிய நீர் திரும்பும் இழுப்பு, நீச்சல் தெரிந்தவர்களையும் விட்டுவைப்பதில்லை. என்னைப் போன்றவர்களுக்குச் சிக்கத்தேலா, மணலில் அமர்ந்து பார்ப்பதற்கான கடல் மட்டுமே. அப்படி அமர்ந்திருப்பதிலும் எந்தக் குறையும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்குக் கர்ரிசலீயோ இருக்கிறது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட படிகள் இறங்கிச் சேரும் இந்தச் சிறு வளைகுடாவில் அலைகள் பக்குவமாக வருகின்றன. பயிற்சியாளர் பலகையின் பின்புறத்தைப் பிடித்துக்கொண்டு, அலை நெருங்கும் வேளையில் தள்ளிவிட்டு, ‘ரேமா, ரேமா’ என்று கத்துவார். கைகளால் துடுப்பிடு என்று பொருள். எழுந்து நிற்பதுதான் கடினம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் தோள்களை ஓயச் செய்வது அந்தத் துடுப்பிடல்தான். நின்ற கணங்கள் சில உண்டு. அவற்றைப் பற்றிப் பெருமை பேசும் அளவுக்கு அவை நீளவில்லை. பயிற்சி முடிந்த பிறகு அத்தனை படிகளையும் ஏற வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டி நினைவூட்டுவதில்லை.

இதே விடியல் நேரத்தில் ஊரின் நடுவிலுள்ள முதன்மைக் கடற்கரையில் மீனவர்கள் திரும்புகிறார்கள். ஃபைபர் படகை முழு வேகத்தில் கரையை நோக்கிச் செலுத்தி, கடைசி நொடியில் எந்திரத்தைத் தூக்கிவிட்டு, மணல் மேட்டில் ஏற்றி நிறுத்தும் லாவகத்தைக் காண்பதற்காகவே அதிகாலையில் எழலாம். சூரை மீன்களும் சங்கரா வகைச் செந்நிற மீன்களும் அங்கேயே விலை பேசப்படுகின்றன. வாங்கிய மீனைக் கரையோர உணவகத்தில் கொடுத்துச் சமைத்து வாங்கிக்கொள்ள முடிந்தது. உண்டுகொண்டிருந்தபோது அருகே கடந்துபோன முன்பின் தெரியாதவர்களெல்லாம் ‘ப்ரொவேச்சோ’, அதாவது நன்றாகச் சாப்பிடுங்கள், என்று வாழ்த்திவிட்டுப் போனார்கள். தலையசைத்து நன்றி சொல்லிச் சொல்லியே சோறு ஆறிப்போனது.

இரவு உணவுக்குத் தெருவோரக் கரியடுப்புகளில் த்லாயூதா கிடைக்கிறது. பெரிய தட்டு அளவிலான மொறுமொறுப்பான சோள ரொட்டியின் மேல் அவரை விழுது பூசி, நூல் நூலாகப் பிரியும் கெசீயோ பாலாடைக்கட்டியையும் உலர்த்திய மாட்டிறைச்சியையும் வைத்துத் தருவார்கள். சைவ உணவுக்காரர்கள் இறைச்சி வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதாது. ரொட்டியில் முதலில் தடவப்படும் அசியெந்தோ பன்றிக் கொழுப்பு என்பதால், ‘சின் அசியெந்தோ’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். மாங்காயில் மிளகாய்த் தூளும் எலுமிச்சையும் சேர்த்து விற்கும் வண்டிகளையும், இளநீர்க் குலைகளையும் கண்டு நம் ஊர் ஞாபகம் வருவது தற்செயலன்று. 1565 முதல் 1815 வரை மணிலாவுக்கும் இதே கரையில் வடமேற்கே இருக்கும் அகபுல்கோவுக்கும் இடையே ஓடிய ஸ்பானியக் கப்பல்கள் ஆசியாவிலிருந்து கொண்டுவந்த செல்வங்களில் தென்னையும் மாவும் உண்டு. இங்கு விரும்பி உண்ணப்படும் மாம்பழ வகை ஒன்றுக்கு இன்றும் மணிலா என்றே பெயர்.

சென்னைக் கரைக்கு வந்து முட்டையிடும் பங்குனி ஆமைகளின் இனமே இங்கும் கரையேறுகிறது. ஊருக்குக் கிழக்கேயுள்ள எஸ்கொபீயா கரையில், பருவ காலத்தில் சில இரவுகளுக்குள்ளாகவே ஆயிரக்கணக்கில் வந்து குவியும். அந்தக் கரையை இன்று கடற்படையினர் காவல் காக்கிறார்கள். அதே கடலோரத்தில் சான் அகுஸ்தினீயோ என்ற சிற்றூரில் ஒரு காலத்தில் ஆமைகளை வெட்டிப் பதப்படுத்தும் ஆலை இயங்கியது; 1990-இல் மெக்சிகோ அரசு ஆமை வேட்டையை முற்றிலும் தடை செய்தது. வருமானத்தை இழந்த அண்டைய மசூந்தேயில் பின்னர் ஆமைகளுக்கான ஆய்வு மையமும் காட்சியகமும் அமைந்தன. பகோச்சோ கடற்கரையில் மாலை வேளைகளில் குஞ்சுகளைக் கடலில் விடும் நிகழ்ச்சிக்குச் சிறு நன்கொடை செலுத்தி நானும் போனேன். கைபடக் கூடாது என்பதால் ஒவ்வொருவருக்கும் ஒரு குடுவையில் குஞ்சைத் தருகிறார்கள். என் பங்குக்கு வந்த குஞ்சு மணலில் இறங்கியதும் கடலுக்கு எதிர்த் திசையில் நடக்கத் தொடங்கி, கூட்டத்தைச் சிரிக்க வைத்த பிறகே திரும்பியது.

சிக்கத்தேலாவின் தென்கோடியான லா புந்தாவில்தான் புதிய சாலையின் விளைவு வெளிப்படையாகத் தெரிகிறது. மண் தெருக்கள் இன்னும் இருக்கின்றன. ஆனால் கீற்றுக் குடில்களுக்கு நடுவே கான்கிரீட் கட்டடங்கள் எழும்புகின்றன, உணவுப் பட்டியல்கள் ஆங்கிலத்தில் தொங்குகின்றன, தண்ணீர் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடுகின்றன. விடுதிக்கார அம்மாளின் மகன் காலையில் அலைச்சறுக்குக் கற்றுத் தருகிறார், இரவில் உணவகத்தில் பரிமாறுகிறார். முன்பு கடலோரத்தில் இருந்த வாடகை வீட்டை விட்டு நெடுஞ்சாலைக்கு அப்பால் மேட்டுப் பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டாராம். ‘சாலை நல்லதுதான், மருத்துவமனைக்குச் சீக்கிரம் போகலாம், ஆனால் அதே சாலையில் எல்லோரும் வருகிறார்கள்’ என்றார். அறை வாடகையைக் கொடுத்துவிட்டு அதே சாலையில் வந்தவனாக நின்றிருந்த எனக்கு மறுமொழி எதுவும் தோன்றவில்லை.

பேரலையைக் காண விரும்புகிறவர்கள் மே முதல் ஆகஸ்ட் வரை போகலாம். மழையும் புழுக்கமும் கூடவே வரும், மின்சாரமும் அவ்வப்போது போகும். நவம்பர் முதல் மார்ச் வரை கடல் ஓரளவு அடங்கியிருக்கும், அறை வாடகை அடங்கியிருக்காது. மேற்கேயுள்ள மனியால்தெபெக் காயலில் இரவுப் படகில் சென்று, துடுப்புப் பட்ட இடமெல்லாம் நுண்ணுயிரிகளால் நீர் ஒளிர்வதைப் பார்க்க விரும்பினால் அமாவாசையை ஒட்டிய நாட்களாகத் தேர்ந்துகொள்ளுங்கள். நிலவிருக்கும் இரவில் படகோட்டிகளே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள். எந்த மாதமானாலும் அலாரத்தை ஐந்தரை மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள், மதியத் தூக்கத்துக்கு நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.