சலங்கை முதலில் கேட்கும்

திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் துரியோதனன் எப்படி வருவான் என்பதை வட ஆற்காட்டில் வளர்ந்த நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். முகவீணையும் ஆர்மோனியமும் ஏறும். துணிக்குப் பின்னால் சலங்கை அதிரும், விருத்தம் கிளம்பும். கிரீடத்தின் உச்சி மட்டும் துணிக்கு மேலே ஆடும். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அவன் எடை, கோபம், செருக்கு எல்லாம் காது வழியாக உள்ளே வந்துவிடும். துணி விலகும்போது, ஏற்கெனவே நம்பிவிட்ட ஒருவனைத்தான் கண் பார்க்கிறது.

சினிமா எடிட்டிங் அறையில் இதை ஜே கட் என்பார்கள். அடுத்த காட்சியின் ஒலி, நடந்துகொண்டிருக்கும் காட்சியின் மீதே தொடங்கிவிடும். படம் பிறகுதான் மாறும். இதற்கு நேர்மாறானது எல் கட்: படம் மாறிவிட்டது, பழைய காட்சியின் ஒலி இன்னும் ஓடுகிறது. நல்ல படத்தில் உரையாடல் காட்சிகள் பெரும்பாலும் இந்த இரண்டால்தான் தைக்கப்பட்டிருக்கும். ஒலியும் படமும் ஒரே பிரேமில் (நொடிக்கு 24 ஓடும் தனிப்படங்களில் ஒன்றில்) வெட்டுப்பட்டால், ஒவ்வொரு வெட்டும் கண்ணில் உறுத்தும். ஆறேழு பிரேம் முன்னாலோ பின்னாலோ ஒலியை நகர்த்தினால் போதும், அந்த வெட்டு மறைந்துவிடும்.

படமும் ஒலியும் வேறு வேறு பொருள்கள் என்பதை டூரிங் டாக்கீஸ் நமக்குச் சிறு வயதிலேயே காட்டியிருக்கிறது. அறுந்து ஒட்டிய ரீல் ஓடும்போது முதலில் படம் துள்ளும். முக்கால் நொடிக்குச் சற்று மேல் கழித்துத்தான் வசனம் துள்ளும், கூடவே ‘டப்’பென்று ஒரு சத்தம் வரும். காரணம் இதுதான்: 35 மி.மீ. பிரதியில் ஒரு பிரேமுக்கான ஒலி அதே பிரேமின் ஓரத்தில் இருக்காது, சுமார் 20 பிரேம் தள்ளி அச்சிடப்பட்டிருக்கும். படம் விழும் சன்னலில் பிலிம் நொடிக்கு 24 தடவை நின்று நின்று நகர வேண்டும். ஒலியைப் படிக்கும் இடத்திலோ அது சீராக ஓட வேண்டும். நின்று நகர்ந்தால் குரல் நடுங்கும். அதனால் இரண்டுக்கும் நடுவே பிலிமைக் கொஞ்சம் தளர்வாக லூப் விட்டு, ஒலி படிக்கும் தலையைச் சன்னலுக்கு அப்பால் வைத்தார்கள். அந்த லூப் நாலைந்து பிரேம் கூடினாலோ குறைந்தாலோ உதடு ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போகும். ஒட்டிய இடத்தில், ஒலிப் பட்டையின் மேல் கறுப்பு மை தடவிவிட்டால் ‘டப்’ சத்தம் வராது. பள்ளிகளில் திரையிடப்பட்ட 16 மி.மீ. படங்களில் இந்த இடைவெளி 26 பிரேம்.

உதடும் குரலும் எவ்வளவு விலகினால் மனிதனுக்குத் தெரியும்? குரல் முந்தினால் சுமார் 45 மில்லிநொடியிலேயே தெரிந்துவிடும். பிந்தினால் சுமார் 125 மில்லிநொடி வரை தெரியாது என்று ஒளிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரை சொல்கிறது. பாலாற்று ஊற்றுப் பக்கம் துணி துவைப்பவரைத் தூரத்திலிருந்து பார்த்தால் கை இறங்கிய பிறகே அடி கேட்கும். ஒலி பிந்துவது இயற்கை. முந்துவது உலகத்தில் எங்குமே இல்லை, அதனால்தான் உடனே உறுத்துகிறது. ஒரு பிரேம் நேரத்தில், அதாவது ஏறக்குறைய 42 மில்லிநொடியில், ஒலி 14 மீட்டர் தூரம்தான் போகும். கொட்டகையின் கடைசி வரிசைக்கு வசனம் ஒன்றிரண்டு பிரேம் தாமதமாகவே போய்ச் சேரும், ஆனால் அங்கே உட்கார்ந்தவருக்கு அது குறையாகத் தெரியாது.

இனி அர்த்தத்துக்கு வருவோம். வேலூருக்கே உரிய ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளலாம். பெரிய மருத்துவமனையின் ஓ.பி. முன்னால் ஒரு தாய் மடியில் பையோடு உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் தமிழ், தெலுங்கு, இந்தி, வங்காளம். ஒலிபெருக்கியில் பெயர்கள் வருகின்றன. அவள் முகம் மட்டும்தான் ஷாட். எந்த உணர்ச்சியும் காட்டாத முகம். இந்த ஒரே ஷாட்டை மூன்று விதமாக ஒலிப்படுத்திப் பாருங்கள். கூட்டத்தின் இரைச்சல் முழுதாக இருந்தால் அவள் காத்திருக்கும் ஆயிரம் பேரில் ஒருத்தி. இரைச்சலை மெல்ல மெல்ல நாலைந்து நொடியில் 15 டெசிபல் (ஒலி அளவின் அலகு) இறக்கி, மேல் சுரங்களை வடிகட்டி மழுங்கச் செய்து, அவள் மூச்சை மட்டும் மேலே கொண்டுவந்தால் அவள் ஏதோ கேட்டுவிட்டாள், அல்லது நினைத்துக்கொண்டாள். மூன்றாவதாக, அவள் முகத்தின் மேலேயே ஊர் மாரியம்மன் கோயில் உடுக்கையைத் தொடங்கி, இரண்டு நொடி கழித்துக் கோயிலுக்குப் படத்தை வெட்டினால், அவள் வேண்டிக்கொண்டாள் என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்வார்கள். முகத்தில் ஒரு தசைகூட அசையவில்லை.

முகத்துக்கு அடுத்து எதை வைக்கிறோமோ அதுவே முகத்தின் உணர்ச்சியாகிறது என்பதை 1920களை ஒட்டி ரஷ்யாவில் இயக்குநர் குலெஷோவ் படத்துண்டுகளை வைத்துக் காட்டினார். ஒலி வந்தபின் அதே வேலையை இன்னும் சிக்கனமாகச் செய்ய முடிந்தது, ஏனென்றால் ஒலிக்கு இன்னொரு ஷாட் தேவையில்லை. 1935இல் ஹிட்ச்காக் எடுத்த ‘தி 39 ஸ்டெப்ஸ்’ படத்தில் ஒரு பெண் பிணத்தைக் கண்டு வாயைத் திறக்கிறாள். அலறல் வர வேண்டிய இடத்தில் ரயிலின் ஊதல் வருகிறது, படம் ஓடும் ரயிலுக்குத் தாவுகிறது. பயமும் துரத்தலும் ஒரே ஒலியில் முடிந்துவிட்டன. 1972இல் வந்த ‘காட்ஃபாதர்’ படத்தில் மாஃபியா குடும்பத்து மகன் மைக்கேல் உணவகத்தில் சுடப்போகும் நேரம். எதிரில் இருப்பவர் இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டே இருக்கிறார், மொழிபெயர்ப்பு இல்லை. கேமரா மைக்கேலின் முகத்தில் நிற்கிறது. வெளியே எங்கோ உயரப் பாலத்தில் போகும் ரயிலின் கிறீச்சொலி ஏறிக்கொண்டே போகிறது. ரயிலைப் படம் காட்டவே இல்லை. படத்தின் ஒலியைக் கவனித்த வால்டர் மர்ச் அந்த ஒலியை வைத்த இடம் உணவகத்தின் பக்கத்துத் தெரு என்றுதான் காது நினைக்கும். உண்மையில் அது மைக்கேலின் தலைக்குள் ஓடுகிறது. அங்கே இசை இருந்திருந்தால் ‘இப்போது பயப்படு’ என்று நம்மிடம் சொல்லியிருக்கும். ரயில் எதுவும் சொல்லாமல் செய்துவிடுகிறது.

ரயில் என்றதும் காட்பாடி. விழுப்புரம் மீட்டர் கேஜ் பாதை இருந்த நாட்களைக் காட்டும் காட்சியில் இன்றைய மின்சார எஞ்சினின் ஹார்னை வைத்தால், படத்தில் என்னதான் பழைய சட்டையும் சைக்கிளும் இருந்தாலும் காலம் உடைந்துவிடும். அன்றைய தண்டவாளத்தில் சுமார் 12 மீட்டருக்கு ஒரு இணைப்பு உண்டு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு ஒன்றுக்குச் சற்று மேலாக ‘தடக் தடக்’ விழும். இப்போது நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்களில் அந்தத் தாளம் இல்லை, ஓர் இரைச்சல்தான் உண்டு. அந்தப் பழைய தாளம் எடிட்டருக்குப் பெரிய வரம். சன்னலோரச் சிறுவன், ஓடும் பனைமரம், அம்மாவின் கை என்று ஷாட்டுகளைத் தாளத்தின் மேல் வெட்டலாம். ஆனால் ஒவ்வொரு ‘தடக்’கிலும் வெட்டினால் அது விளம்பரப் படமாகிவிடும். இரண்டு தாளத்தை விட்டு மூன்றாவதற்கு இரண்டு பிரேம் முன்னால் வெட்டுங்கள். பார்ப்பவர் ரயிலுக்குள் இருப்பார்.

இடத்தையும் ஒலி கட்டுகிறது. கோட்டையின் கருங்கல் சுவரிலிருந்து 50 மீட்டர் தள்ளி நின்று கைதட்டினால் எதிரொலி ஏறக்குறைய 0.29 நொடியில், அதாவது 7 பிரேமில் திரும்பும். வறண்ட பாலாற்று மணலில் குரல் போனது போனதுதான், திரும்பாது. டப்பிங் அறையில் பதித்த வசனத்தை இந்த இரண்டு இடங்களிலும் ஒரே மாதிரி ஒட்டினால் நடிகர் அங்கே நிற்கவில்லை என்று காது கண்டுபிடித்துவிடும். நம் பழைய படங்கள் பலவற்றில் ஆற்றங்கரையிலும் அறைக்குள்ளும் ஒரே குரல் கேட்பதற்கு இதுதான் காரணம். ஃபோலி கலைஞர்கள், அதாவது காட்சிக்கான சத்தங்களை ஸ்டுடியோவில் செய்து பதிப்பவர்கள், காலடி, துணி உரசல், கையிலெடுக்கும் பொருள் என்று மூன்றையும் தனித்தனியாகப் பதிப்பது இதைச் சரிக்கட்டத்தான்.

தொலைக்காட்சி வேறு உலகம். சீரியலில் ஒரு முகத்துக்கு மூன்று தடவை வெட்டி மூன்று தடவை இடி இடிப்பதைப் பலர் குறைசொல்வார்கள். அடுப்படியில் இருப்பவரும் சீரியலைக் கேட்கிறார் என்பதை மறக்கக் கூடாது. அந்த இடி ‘வந்து பாருங்கள்’ என்ற அழைப்பு. ஆனால் அழைப்பு எல்லா நிமிடமும் வந்தால் யாரும் எழுந்து வர மாட்டார்கள், அங்கேதான் பிழை. இன்னொரு தொழில் விஷயம்: டிவியின் சின்ன ஸ்பீக்கரில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வராது. ஸ்டுடியோவில் வயிற்றை உலுக்கும் இடி, வீட்டில் வெறும் ‘டொக்’காகும். மிக்சிங் முடிந்ததும் ஒரு சாதாரண டிவியில் போட்டுக் கேட்காமல் அனுப்பவே கூடாது. விளம்பரம் வந்ததும் ரிமோட்டைத் தேடுகிறோமே, அதற்கும் விளக்கம் உண்டு: உச்ச அளவு வசனத்துக்கும் விளம்பரத்துக்கும் ஒன்றுதான், ஆனால் விளம்பரத்தில் மெல்லிய பகுதிகளையும் அழுத்தி உச்சத்துக்கு அருகே ஏற்றியிருப்பார்கள். அதனால்தான் ஐரோப்பிய ஒளிபரப்பாளர்கள் உச்சத்தை விட்டு, சராசரிச் சத்தத்தை அளந்து மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். (காது உணரும் சத்தத்தின் அலகு) என்று வரையறுத்தார்கள்.

இதையெல்லாம் நம் சங்கத்தின் இந்த மலரில் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகும் நம் உறுப்பினர்களும் அவர்கள் பிள்ளைகளும் வேலூரை நிறையப் படம் பிடித்து வருகிறார்கள். சங்கக் கூட்டத்தில் திரையிடும்போது ஊரின் ஒலி அத்தனையும் அழிக்கப்பட்டு, மேலே ஒரு சினிமாப் பாட்டு ஓடுகிறது. படம் வேலூர், ஒலி எந்த ஊரும் இல்லை. பள்ளி மணிக்காக மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டின் நாதம் அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை. இது பெரிய இழப்பு, தவிர்க்கக்கூடிய இழப்பும்கூட.

அதைத் தவிர்க்க, ஊரில் படமும் பேட்டியும் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. அமெரிக்காவிலோ கனடாவிலோ வாங்கிய ஃபோன் 30 பிரேமில் எடுத்தால் டியூப் லைட் துடிக்கலாம். 25 பிரேமும் ஐம்பதில் ஒரு நொடி ஷட்டரும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோன்கள் பிரேம் வேகத்தைத் தாமாகக் கூட்டிக் குறைப்பதால் தனி ரெக்கார்டரில் பதித்த ஒலி, நீண்ட பேட்டியில் மெல்ல விலகும். எடிட்டிங்குக்கு முன் கோப்பை நிலையான 25 பிரேமுக்கு மாற்றிவிட்டால் அந்தத் தொல்லை தீரும். ஒலியை 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 மாதிரிகளாக, பதியுங்கள். 44.1இல் பதித்ததை மென்பொருள் 48 என்று தவறாகப் படித்தால் பாட்டியின் குரல் கீச்சென்று உயர்ந்து, பேச்சு எட்டு சதவீதத்துக்கு மேல் வேகமாக ஓடும். படத்தையும் ஒலியையும் பொருத்திக்கொள்ளக் கிளாப் பலகை இல்லாவிட்டால் கேமரா முன்னால் ஒரு கைதட்டல் போதும்.

பேட்டியில் காலர் மைக்கைத் தாடைக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். தூரம் இரட்டித்தால் குரல் 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலி குறையாது. ஆரணிப் பட்டு உடுத்திய ஆசிரியை என்றால் புடவை மடிப்பில் மைக்கைச் செருகாதீர்கள், பட்டின் சரசரப்பு ஒவ்வொரு சொல்லிலும் ஏறும், பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக எடுக்க முடியாது. ஜாக்கெட் பக்கம் மருத்துவ நாடாவால் இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். வசனத்தின் உச்சம் ரெக்கார்டர் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். மின்விசிறியை நிறுத்தச் சொல்லத் தயங்கினால் ஒரு வெட்டும் சேராது, ஏனென்றால் விசிறியின் சுழற்சி ஒவ்வொரு வெட்டிலும் வேறு இடத்திலிருந்து தொடங்கும்.

பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல், நகராமல், அந்த அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் பதியுங்கள். சொற்களுக்கு நடுவே இருமலை வெட்டியெடுத்தால் அந்தப் பள்ளத்தை நிரப்ப இதுதான் வேண்டும். பள்ளத்தைச் சுத்த மௌனமாக விட்டால் ஸ்பீக்கர் பழுதானதுபோல் தோன்றும். வெட்டின் இரு முனையிலும் இரண்டு பிரேம் கலந்துவிடுங்கள், ‘டிக்’ சத்தம் வராது. பேசுபவரின் மூச்சை அழிக்காதீர்கள். மூச்சில்லாத பேச்சு அறிவிப்பாகிவிடும்.

பிறகு ஊரைத் தனியாகப் பதியுங்கள், படமே வேண்டாம். காட்பாடி நடைமேடை அறிவிப்பு, கோட்டைக்குள் ஜலகண்டேசுவரர் கோயில் மணி, குடியாத்தத்தில் மிச்சமிருக்கும் தறி, பள்ளி மைதானத்தில் மாலை நாலரை. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குக் குறையாமல், மைக்குக்குக் காற்று மறைக்கும் பஞ்சுறை போட்டு. பதிவின் தொடக்கத்தில் இடம், தேதி, நேரம் மூன்றையும் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போகும், குரல் மாறாது.